இரண்டு பூட்டுப் போட்ட கிரேக்க நகரம்

கிரேக்க நகர அரசுகளைப் பற்றி விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்தியே ஆயுளில் பாதியைக் கழித்தவள் நான். கிரேக்கத்தில் கால் வைத்ததில்லை. இனி வைக்காவிட்டாலும் குறையில்லை. ஒரு கிரேக்க நகரம் பிறப்பதை ஜெர்மனியில், வுப்பர்டாலில், என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன். அது பிறக்கும்போது பக்கத்தில் நின்றவள் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இந்தக் கட்டுரை நெடுக அது எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு, பிள்ளைகள் படிக்கிற மாதிரி நகர அரசுகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினேன். ஊரில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் என் சொந்தக்காரர்கள். ஆனால் ஒரு பிரதி எப்படியோ வுப்பர்டாலில் தமிழ்ப் பள்ளி நடத்தும் யோகேஸ்வரியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அக்கா, ஞாயிற்றுக்கிழமை எங்கட சங்கத்தின்ர பொதுக்கூட்டம். அதுக்கு முதல் நீங்கள் கொஞ்ச நேரம் கதைக்கோணும். உங்கட கதையைக் கேட்டாவது எங்கட சனத்துக்குப் புத்தி வருதோ பாப்பம்.”

புத்தி வரவேண்டிய அளவுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. விசா கிடைத்த சந்தோஷத்தில் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

ஜெர்மனியில் சரியான ரயிலில் ஏறினால் மட்டும் போதாது, அதன் சரியான பாதியிலும் ஏறவேண்டும். நான் சன்னலோரம் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன சீடையைக் கொறித்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்திப்பில் ரயில் நின்று, லேசாகக் குலுங்கி, மறுபடி கிளம்பியது. எதிரே இருந்த ஜெர்மன் பெரியவரிடம், வுப்பர்டால் எப்போது வரும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துக்கம் சொல்ல வந்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. “அம்மா, வுப்பர்டால் முன்பாதியோடு போய்விட்டது. நாம் பின்பாதி” என்றார். அவருக்கு இரண்டு சீடை கொடுத்தேன். கடவாய்ப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

யோகேஸ்வரியின் கணவர் தவராசாவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, நீங்கள் இப்ப எந்தப் பாதியில நிக்கிறியள்?”

“பின்பாதியில.”

“ஒண்டும் யோசியாதேங்கோ. அடுத்த ஸ்டேசனில இறங்கி அப்பிடியே நில்லுங்கோ. நான் காரில வாறன்.”

வந்தார். லாரி ஓட்டுகிறவர், ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் மெத்து மெத்தென்று இருக்கும். என் பெட்டியை ஒரு விரலில் தூக்கிக் காரில் போட்டபடி, “இஞ்ச ரயில் மட்டுமில்லை அக்கா, எல்லாமே ரெண்டாத்தான் கிடக்கு” என்றார். அதில் ஒரு பாதிக்குத் தலைவர் அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அன்று இரவுச் சாப்பாடு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் மீன் குழம்பும். எங்கள் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு மேலாக ஒன்று உலகத்தில் இருக்க முடியாது என்று நம்பி வாழ்ந்தவள் நான். அந்தச் சொதியில் என் நம்பிக்கை சற்று ஆட்டம் கண்டது. சாப்பிடச் சாப்பிட யோகேஸ்வரி கதையைச் சொன்னார். கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவர் போல மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். இங்கே உள்ளவர்கள் போர்க்காலத்தில் அகதிகளாக வந்தவர்கள். யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர் ஒரு பக்கம், தீவுப்பகுதிக்காரர் ஒரு பக்கம், மன்னார்க் கத்தோலிக்கர் கொஞ்சம் பேர். ஆரம்பத்தில் ஆளுக்கொரு ஊர்ச் சங்கம் வைத்திருந்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே சங்கமாகி, ஒரு பழைய நாடா நெசவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து மண்டபமாக்கினார்கள். கல்யாணம், சாவீட்டுச் சாப்பாடு, நாட்டியம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி எல்லாம் அங்கேதான்.

கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிரேக்கத்திலும் இதே கதைதான். பழைய அரண்மனைகள் விழுந்த பிறகு, மலையும் கடலும் துண்டுபோட்ட அந்த நாட்டில் சனங்கள் சின்னச் சின்னக் கிராமங்களாகச் சிதறிக் கிடந்தார்கள். மேலே இருந்து அதட்ட ஒரு பேரரசன் இல்லை. மெல்ல மெல்லப் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் ஒன்றுசேர்ந்தன. பொதுவாக ஒரு சந்தை, பொதுவாக ஒரு கோயில், அணையாமல் எரிகிற ஒரு பொது அடுப்பு. பெரும்பாலான நகரங்கள் அப்படித்தான் உருவாயின. கடல் தாண்டிக் குடியேறப் போனவர்கள்கூடத் தாய்நகரத்து அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துப் போனார்கள். யோகேஸ்வரியிடம் இதைச் சொன்னேன். “நாங்கள் கொண்டுவந்தது சண்டை ஒண்டுதான் அக்கா” என்றார்.

போன வருடம் தலைவர் பதவி முடிந்தது. வடமராட்சிக்காரருக்குத் தவராசா வேண்டும். தீவுக்காரருக்குச் சிவஞானம் என்பவர் வேண்டும். ஓட்டுப் போட்டால் தோற்கிற பக்கம் கள்ள ஓட்டு என்று எழுந்து போய்விடும், கூட்டம் கலையும். இப்படிப் பல தடவை. கடைசியில் தவராசா ஆட்கள் மண்டபத்து வாசலில் ஒரு பூட்டுப் போட்டார்கள். மறுநாளே சிவஞானம் ஆட்கள் அதற்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டுப் போட்டார்கள். இப்போது கதவு திறக்கவேண்டுமானால் இரண்டு பக்கமும் வரவேண்டும். ஒரு பக்கம் வந்தால் மறுபக்கம் வராது.

“வாற திங்கட்கிழமை வாடகை ஒப்பந்தம் முடியுது” என்றார் யோகேஸ்வரி. “எல்லாரும் ஏற்ற ஒரு தலைவர் வந்து கையெழுத்து வைக்காட்டி கட்டடச் சொந்தக்காரி ஜிம்காரருக்குக் குடுத்திடுவா. பிறகு என்ர பிள்ளையள் எங்க அக்கா படிக்கிறது?” கணவரை ஒரு பார்வை பார்த்தார். “என்ர மனிசன்ர பூட்டுத்தான் என்ர பள்ளிக்கூடத்தைப் பூட்டியிருக்கு.”

தவராசா தட்டோடு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

படுக்கையில் கிடந்தபடி யோசித்தேன். ஸ்பார்ட்டாவில் ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள் இருந்தார்கள். வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் சிரிப்பார்கள். அங்கேகூட வாசலுக்கு இரண்டு பூட்டு இருந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் இருவருக்கும் வேலை. நான் தனியாகப் பான் நகரத்துக்குக் கிளம்பினேன். முதலில் வுப்பர்டாலின் தொங்கு ரயில். தண்டவாளம் தலைக்கு மேலே, பெட்டி கீழே, அதற்கும் கீழே ஆறு. வளைவுகளில் பெட்டி தூளி மாதிரி ஆடுகிறது. ஏறிய நிமிடத்திலிருந்து கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு பாட்டி இரண்டு கையாலும் பின்னல் பின்னிக்கொண்டு வந்தார். என் கையைப் பார்த்து ஏதோ சொன்னார். அவருடைய பேத்தி ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள்: “நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் ரயில் விழாமல் இருக்கிறதாம், நன்றி சொல்லச் சொன்னார்.” வெள்ளைக்காரருக்குக் கிண்டல் வராது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

பானில், கிரேக்கச் சிலைகளை அச்செடுத்து வைத்திருக்கும் ஒரு பழைய கட்டடத்தைப் பார்க்கப் போனேன். அங்கே ஆராய்ச்சி செய்கிற கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி கூட வந்தாள். “மேடம், ஆக்சுவலா இங்க ஒரிஜினலும் கொஞ்சம் இருக்கு, பானைகள்லாம் சூப்பரா இருக்கும்” என்று இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பானையில் பலிபீடம் வரைந்திருந்தது. ஒருவன் கத்தியால் இறைச்சியைத் துண்டுபோடுகிறான், இன்னொருவன் கம்பியில் கோக்கிறான். நான் தேடிப் போனது சபையும் பேச்சாளரும் ஓட்டுப் போடுகிற காட்சியும். சமையல் படம் என்று அதைத் தாண்டிப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கு உயரமாக ஏதாவது வேண்டும் என்று அலைந்ததில், வேண்டியது இடுப்பு உயரத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை.

திரும்பிவந்தபோது வீட்டில் சைவச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை. “நாளைக்கு நல்லாச் சாப்பிடலாம் அக்கா, நாளைக்குப் பங்கு” என்றார் தவராசா. என்ன பங்கு என்று கேட்டேன். “பாருங்கோவன்” என்று சிரித்தார்.

சனிக்கிழமை காலை மண்டபத்துக்குப் போனோம். செங்கல் சுவர், உயரமான இரும்புக் கதவு. அதில் இரண்டு பூட்டும் அக்கா தங்கை மாதிரி தொங்கின. ஒன்று பித்தளை, ஒன்று சாம்பல் நிறம். பிள்ளைகள் குளிரில் காதை மூடிக்கொண்டு நின்றார்கள். தவராசா பித்தளைப் பூட்டைத் திறந்துவிட்டு, கடமை முடிந்தது என்று தள்ளி நின்றார். சாம்பல் பூட்டுக்காரரைக் காணோம். யோகேஸ்வரி போன் மேல் போன் போட்டார். கடைசியில் வாசலிலேயே பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து, கையுறையைக் கழற்றி, காற்றில் விரலால் எழுதிக்காட்டிப் பாடம் நடத்தினார். எனக்கு வயிறு எரிந்தது. வாத்தியார் வேலை பார்த்த யாருக்கும் அது எரியும்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரி ஃபிராவ் கெஸ்லர் மாடியிலிருந்து இறங்கிவந்தார். ஊன்றுகோல், உதட்டுச் சாயம், நேர்ப்பார்வை. அவர் சொன்னதை யோகேஸ்வரி எனக்குத் தமிழில் சொன்னார்: “யார் தலைவர் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஆனால் ஒருவர் வரவேண்டும். ஒரு பேனாவை இரண்டு பேர் பிடித்து இழுக்கிறதைப் பார்க்க எனக்கு ஆயுள் போதாது.”

மத்தியானம் தவராசா வீட்டு வாகனக் கொட்டகைக்கு முன்னால் ஒவ்வொரு காராக வந்து நின்றது. ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரர் முறைப்படி அறுத்து உரித்துக் கொடுத்த இரண்டு ஆடுகள் உள்ளே மேசையில் கிடந்தன. பல குடும்பங்கள் சேர்ந்து ஆடு வாங்கி, சமமாகப் பிரித்துக்கொள்வதற்குத்தான் பங்கு என்று பெயராம். யாழ்ப்பாணத்து வழக்கம். வந்தவர்களைப் பார்த்து நான் அசந்துபோனேன். வடமராட்சி, தீவு, மன்னார், எல்லாரும் இருந்தார்கள். சாம்பல் பூட்டின் சொந்தக்காரர் சிவஞானம், காலையில் போனை எடுக்காதவர், இப்போது கத்தியோடு வந்து நின்றார். ஒல்லியான ஆள், இறுக்கிய தாடை. தவராசாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இருவரும் எதிரும் புதிருமாக நின்று ஒரே ஆட்டைத் துண்டுபோட்டார்கள்.

மேசை முழுக்கக் காகிதத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் நல்ல கறி கொஞ்சம், எலும்பு கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு துண்டு. எந்தத் தட்டிலும் எல்லாம் இருக்கவேண்டும். தராசு வைத்துச் சரிபார்த்தபின், சிவஞானத்தின் மனைவி நேசம் முன்னால் வந்தார். குட்டையாக, கனமாக, யாரையும் பார்த்துச் சிரிக்காத முகம். மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நின்றார். மன்னார்க்காரர், அன்ரன் என்பவர், பின்னால் ஒரு தட்டைத் தொட்டு, “இது ஆருக்கு?” என்றார். எந்தத் தட்டு என்று நேசத்துக்குத் தெரியாது. எதிரே உள்ள முகங்களைப் பார்த்து, “தவராசாவுக்கு” என்றார். “இது ஆருக்கு?” “அன்ரனுக்கு.” “இது ஆருக்கு?” “என்ர மனிசனுக்கு.”

எல்லாத் தட்டும் போயிற்று. கடைசியில் மிஞ்சுவது, வீட்டுப் பங்கு போக, கூப்பிட்டவருக்கு. அன்று நேசத்துக்கு வந்தது முக்கால்வாசி எலும்பாகத் தெரிந்தது. முகம் மாறாமல் பையில் போட்டுக்கொண்டார். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. ஒரு வருடமாக ஒரு கதவைத் திறக்கமுடியாத அதே சனம், இரண்டு ஆட்டை ஒரு சத்தமில்லாமல் பிரித்துக்கொண்டு போனது.

“எப்பவும் நேசம்தான் கூப்பிடுவாங்களா?” என்று யோகேஸ்வரியிடம் கேட்டேன்.

“ஓம். அவவை எல்லாரும் நம்புவினம்” என்றார். பிறகு மெதுவாக, “முந்தி நாங்கள் ரெண்டு பேரும் ஒரே இடத்தில துப்புரவு வேலை செய்தனாங்கள். இந்தப் பூட்டு விழுந்தாப் பிறகு கதைக்கிறேல்லை.”

அப்போதுதான் பான் நகரத்துப் பானை எனக்கு உறைத்தது. நின்ற இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன். கிரேக்கர்கள் பலியிட்ட மாட்டைச் சம பங்காக நிறுத்து, சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். அந்த இறைச்சியில் பங்கு உள்ளவன்தான் நகரத்தான். குடிமகன் என்பதற்கு அவர்கள் சொன்னதே, நகரத்தில் பங்கு உள்ளவன் என்றுதான். ஏதென்ஸ்காரர்கள் அதே புத்தியைப் பதவிகளுக்கும் வைத்தார்கள். ஐநூறு பேர் சபை, நீதிமன்றம், பெரும்பாலான அதிகாரிகள், எல்லாம் சீட்டுக் குலுக்கித்தான். படைத்தளபதி மாதிரிச் சிலருக்கு மட்டும் தேர்தல். தேர்தல் வைத்தால் பேர் உள்ளவனும் பணம் உள்ளவனும்தான் வருவான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஞாயிறு பேச்சுக்கு நான் எழுதிவைத்திருந்தது முழுக்க ஓட்டின் பெருமை. அன்றிரவு ஆட்டுக்கறியைத் தின்றுவிட்டு அதைக் கிழித்துப் போட்டேன். கறி அருமையாக இருந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூட்டும் திறந்தன, பொதுக்கூட்டம் என்பதால். மண்டபம் நிறைந்தது. நடுவில் நடைபாதை விட்டு, இடப்பக்கம் ஒரு ஊர், வலப்பக்கம் ஒரு ஊர். கல்யாணத்தில் பெண் வீடு மாப்பிள்ளை வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மன்னார்க்காரர் கடைசி வரிசையில்.

நான் பேசினேன். நகரம் எப்படிக் கூடியது, அடுப்பு, சந்தை, சபை. இனிப்புப் பூசாமல் மற்றதையும் சொன்னேன். ஏதென்ஸில் பெண்ணுக்குப் பங்கில்லை, அடிமைக்கு இல்லை, வெளியூரிலிருந்து வந்து குடியிருந்தவனுக்கும் இல்லை. வரி கட்டலாம், படையில் போய்ச் சாகலாம், சபையில் வாய் திறக்கக்கூடாது. அங்கே பாதிப் பேர் பாஸ்போர்ட்டுக்காக எத்தனையோ வருடம் அலுவலகம் அலுவலகமாகக் காத்திருந்தவர்கள். பிறகு சீட்டைப் பற்றிச் சொன்னேன். ஒரு வருடப் பதவி, பெரும்பாலும் திரும்ப வரமுடியாது, போகும்போது கணக்கு ஒப்பிக்கவேண்டும். “நீங்களும் இப்படிச் செய்யலாமே” என்று முடித்தேன்.

தவராசா எழுந்தார். “அக்கா சொன்னது நல்ல கதை. ஆனா தலைவர் எண்டால் ஒரு தகுதி வேணும்.”

சிவஞானமும் எழுந்தார். “அதைத்தான் நானும் சொல்லுறன். இதென்ன சீட்டாட்டமோ?”

ஒரு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் என் யோசனையைத் தூக்கிப் போடுவது. எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. உட்காரப் போனேன்.

பின்னாலிருந்து யோகேஸ்வரி எழுந்தார். சத்தம் போடவில்லை.

“நேற்று ஆட்டுக்கு ஒத்துக்கொண்டனீங்கள்தானே? எலும்பு வந்தவையும் பேசாமல் கொண்டு போனவைதானே? நாளைக்கு இந்த மண்டபம் போனால் உங்கட பிள்ளையளுக்கு ஒரு பங்கும் இல்லை. ஆட்டைவிட இந்தத் தலைவர் கதிரை என்ன பெரிசு?” கணவரைப் பார்த்தார். “நீங்களும் இருங்கோப்பா.”

தவராசா உட்கார்ந்தார். முதலில் எங்கோ ஒருவர் கைதட்டினார். பிறகு நிறையப் பேர். அன்ரன் வரி அலுவலகத்தில் வேலை செய்கிறவர், சட்டம் பேசுகிற ஆள். “சங்க விதிப்படி கை தூக்கித்தான் தெரிவுசெய்யோணும். சீட்டில வந்த பேருக்குப் பிறகு எல்லாரும் கை தூக்கினால் போதும். பிழையில்லை” என்றார். சிவஞானம் சுற்றுமுற்றும் பார்த்தார். தன் வரிசையிலேயே தலைகள் ஆடுவதைக் கண்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

நேற்று மிஞ்சிய காகிதத் தட்டுகள் வந்தன. பொறுப்பெடுக்கச் சம்மதித்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை தட்டு, பங்கு வழக்கப்படி கூப்பிடுகிறவருக்கும் ஒன்று. மூன்றின் அடியில் மட்டும் அன்ரன் எழுதினார்: தலைவர், செயலாளர், பொருளாளர். மற்றவை வெறுமை. கவிழ்த்துவைத்துக் கலைத்தார், அவர் திரும்பிக்கொண்டபின் பிள்ளைகள் வந்து இன்னும் கலைத்தார்கள். தட்டைத் தொட ஊர் இல்லாத ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்தினார்கள். யார் கூப்பிடுவது என்று யாரும் கேட்கக்கூட இல்லை. நேசம் எழுந்துவந்து மேசைக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“இது யாருக்கு?” என்றேன்.

“ஆருக்கு எண்டு கேளுங்கோ, அப்பதான் விழும்” என்று யாரோ சொல்ல, மண்டபம் சிரித்தது.

“இது ஆருக்கு?”

நேசம் கூட்டத்தைப் பார்த்து ஒரு பெயர் சொன்னார். திருப்பினேன், வெறுமை. அடுத்தது, வெறுமை. யோகேஸ்வரிக்கு வெறுமை. சிவஞானத்துக்கு வெறுமை. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு மன்னார்ப் பெண்ணுக்குச் செயலாளர். அவளுடைய மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டார், பொறுப்பு அப்போதே தொடங்கிவிட்ட மாதிரி. தவராசாவுக்குப் பொருளாளர். “தலைவராக ஆசைப்பட்டவருக்குக் காசுப் பெட்டியடி” என்று அவருடைய பக்கத்திலிருந்தே கிண்டல் எழுந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

தட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. தலைவரைக் காணோம். மூன்று தட்டு, இரண்டு தட்டு. இடப்பக்கமும் வலப்பக்கமும் கழுத்தை நீட்டி எழுந்து நின்றதில் நடுவில் இருந்த நடைபாதை காணாமல் போயிருந்தது. இரண்டில் ஒன்றைத் தொட்டேன். நேசம் எதிரே பார்த்தார், சம்மதித்தவர்களில் ஒருவர்தான் மிச்சம். பெயரைச் சொன்னார். திருப்பினேன். வெறுமை.

கடைசித் தட்டு மேசையில் தனியாகக் கிடந்தது. கூப்பிட்டவரின் பங்கு. எல்லோருக்கும் புரிந்துவிட்டது, முதுகைக் காட்டி நின்றவரைத் தவிர.

“அன்ரன், முடிஞ்சுதோ?” என்று கேட்டபடி நேசம் திரும்பினார். தட்டைத் தானே எடுத்துத் திருப்பினார். தலைவர் என்று இருந்தது. பார்த்தபடியே நின்றார்.

சிவஞானம் தலையைப் பிடித்துக்கொண்டார். “வீட்டிலயும் இவதான், இஞ்சயும் இவதானோ?”

அந்தச் சிரிப்பில் கூரை அதிர்ந்தது. தவராசாதான் முதலில் கை தூக்கினார். பிறகு இடம், வலம், பின்வரிசை. அன்ரன் எண்ணத் தொடங்கிவிட்டு, எண்ண ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார், எல்லாக் கையும் மேலே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதி அழித்த ஒன்று, எழுந்து நின்று கை தூக்குகிறது. நானும் கை தூக்கினேன். எனக்கு உரிமை இல்லைதான், யாரும் இறக்கச் சொல்லவில்லை.

நேசத்தின் முதல் உத்தரவு: “ரெண்டு பூட்டையும் கழட்டுங்கோ.”

இரண்டு ஆண்களும் வாசலில் குனிந்து கழற்றினார்கள். நேசம் கதவின் பழைய சாவியை, கட்டடச் சொந்தக்காரி முதன்முதலில் கொடுத்ததை, அன்ரனிடமிருந்து வாங்கினார். ஒரு வருடமாகப் பேசாத யோகேஸ்வரியிடம் போனார்.

“யோகா, சனிக்கிழமை பிள்ளையள் எத்தினை மணிக்கு வாறவை?”

“பத்துக்கு.”

“அப்ப நான் ஒன்பதுக்கு வாறன். உள்ளுக்கை ஒரே தூசி. ரெண்டு பேருமாக் கூட்டித் துடைப்பம்.” சாவியை அவர் கையில் வைத்தார். “இது உன்னட்டை இருக்கட்டும்.”

யோகேஸ்வரி சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு தலையாட்டினார். நேசம் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஃபிராவ் கெஸ்லரின் மேசையில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டார். கிழவியம்மா பேனாவை மூடிவைத்து ஏதோ சொன்னார், யோகேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: “இவரை முதலிலேயே அனுப்பியிருக்கலாமே என்கிறா.”

விமான நிலையத்துக்குத் தவராசாவும் சிவஞானமும் ஒரே காரில் கொண்டுவந்து விட்டார்கள். முன்னிருக்கை இரண்டிலும் இருந்துகொண்டு, வழி நெடுக எது குறுக்குப் பாதை என்று சண்டை. பிரியும்போது சிவஞானம் ஒரு பொட்டலத்தைத் தந்தார். “பெரிசா ஒண்டுமில்லை அக்கா. எங்கள் ரெண்டு பேரின்ர நினைவுக்கு.”

சோதனைக் கருவியில் என் கைப்பை நின்றுவிட்டது. பாதுகாப்புப் பெண் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்றோடொன்று கோத்த இரண்டு பூட்டுகள், ஒன்று பித்தளை, ஒன்று சாம்பல். சாவி எங்கே என்று கேட்டாள். இல்லை என்றேன். சாவியில்லாத பூட்டை எதற்கு ஊருக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றாள். ஒலிம்பிக் போட்டியில் ஜெயித்தவனுக்கு ஆலிவ் இலையில் ஒரு வளையம்தான் கொடுத்தார்கள், அதையும் அவன் ஊருக்குக் கொண்டுபோனான் என்று சொல்ல நினைத்தேன். பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

“பரிசு” என்றேன். “நான் ஜெயித்தேன்.”

அவள் என்னை ஒரு தடவை, பூட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பத்திரமாகச் சுற்றி, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள்.